சிமெண்டு போடாத வாசல்

எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பதினோரு வீட்டு வாசலிலும் சிமெண்டு. பன்னிரண்டாவது, கடைசி மூலை வீடு, என்னுடையது. அதில் மண்தான். இதைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. ஆமாம், திமிர்தான், இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? அது எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டுவிட்டு, அப்புறம் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள்.

பாக்கார் ஆராங்கில் அந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது எழுபதுகளின் கடைசியில். அதற்கு முன்பு பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் தோட்டத்தார் கட்டிய லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்து, லயத்திலேயே கல்யாணம் கட்டியவர்கள். நான் களைக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். முதுகில் மருந்து டாங்கி, கையில் பைப்பு, மூக்கைச் சுற்றி ஒரு பழைய துணி. அவர் குழி வெட்டுகிறவர்.

குழி என்றால் வேறெதுவும் நினைத்துவிடாதீர்கள். மேட்டு நிலத்தில் பால்மர வரிசைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்று வெட்டுவது. எட்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மேலே இருந்து ஓடிவரும் தண்ணீர் அதில் விழுந்து, நின்று, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கமாக வரப்பு போல அணைத்துவிடுவார்கள். துரை அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்வார், எங்களுக்கு அது குழி, அவ்வளவுதான். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஓர் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்ப்பார். இரண்டு விரல் குறைந்தாலும் மறுபடி இறங்கி வெட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் வெட்டிய குழி ஒருநாளும் அளவு குறைந்ததில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கோலைப் பார்க்காமலே வெட்டுவேன் என்பார், வெட்டவும் செய்வார்.

பிறகு தோட்டத்து லாரி ஒன்று கவிழ்ந்தது. பின்னால் நின்று வந்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே போனது. கால் இல்லாதவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, அவரை அப்படிப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க எனக்கும் முடியவில்லை. எங்கள் ஒரே மகள் கல்யாணம் ஆகிப் பண்டார் பாருவுக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் டவுனுக்கு வந்தோம். நான் துணி தைக்கிற பாக்டரியில் காலை ஷிஃப்டுக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் சொந்த வீடு என்று ஒன்றைக் கண்டது நாங்கள்தான் முதலில். லயத்து வீட்டில் ஒரு முருங்கைக் கொம்பு நட வேண்டும் என்றாலும் மண்டோரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வெளியே போகவில்லை. ஊன்றுகோல் இரண்டு இருந்தன. கட்டிலிலிருந்து கக்கூசுக்கு, கக்கூசிலிருந்து கட்டிலுக்கு, அவ்வளவுதான் நடை. முன்னறைதான் அவருடையது, ஜன்னல் வாசலைப் பார்த்த மாதிரி இருக்கும். அதற்கும் திரை போட்டு மூடிவைத்திருப்பார். "ரோட்டுல போறவனெல்லாம் பாப்பான்" என்பார். "பாத்தா என்னா? இல்லாத காலத்தானே பாப்பான்? இருக்கிற வாயப் பாத்தான்னா அவனே ஓடிருவான்" என்று நான் சொல்வேன். சிரிக்க மாட்டார். நான்கு வருஷம் இப்படியே ஓடியது.

தெரு எங்கள் வீட்டை நோக்கிச் சரிந்து வரும். நாங்கள் வந்தபோது எல்லா வாசலும் புல்லும் மண்ணுமாகத்தான் இருந்தன, மழை பெய்தால் அந்தந்த வாசலே தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பிறகு ஒருவர் கார் வாங்கினார், வாசலுக்குச் சிமெண்டு போட்டார். அதைப் பார்த்து அடுத்தவர். வருஷத்துக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று எல்லாரும் போட்டுவிட்டார்கள். கார் இல்லாதவரும் போட்டார். எங்களுக்கு மேல்பக்கம் ஒட்டிய வீட்டில் ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் இருந்தார். வேறொரு தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர். அவர் பளபளவென்று சிமெண்டு போட்டதோடு நிற்கவில்லை, எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே இருக்கிற குட்டைச் சுவரின் அடியில், தண்ணீர் போக ஓர் ஓட்டையும் போட்டார். அவர் வாசல் தண்ணீர் என் வாசலுக்கு வர வழி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிராணிக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை போலிருக்கிறது.

ஓர் அக்டோபர் மாதம், காலை பதினோரு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. மூன்று மணிக்கு ஷிஃப்டு முடிந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது வாசல் கதவு வரைக்கும் தண்ணீர். கதவைத் திறந்தால் உள்ளே கணுக்காலுக்கு மேல். தெருவோர லோங்காங் கால்வாய் நிரம்பி, சாக்கடையும் செம்மண்ணும் கலந்த தண்ணீர். ஊன்றுகோல் ஒன்று கூடத்தில் மிதந்துகொண்டு வந்தது. அவரைக் கட்டிலில் காணவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார். இறங்கப் பார்த்து வழுக்கி விழுந்திருக்கிறார். எழுந்திருக்கப் பிடிமானம் இல்லை. இரண்டு மணி நேரமாக அந்தச் சாக்கடைக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து, துடைத்து, துணி மாற்றிவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இன்னும் ஒரு ரெண்டடி ஏறியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

பாழாய்ப் போன மனுஷன், என்ன பேச்சுப் பேசுகிறார் பாருங்கள்! அவர் கோபத்தில் சொல்லவில்லை. சும்மா, சோறு போதும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குப் பயம். அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அந்தக் கோபம் நல்ல நேரத்தில்தான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஏனென்றால் நாளைக்கும் மழை வரும், நாளைக்கும் நான் பாக்டரிக்குப் போக வேண்டும்.

மறுநாள் சேற்றைக் கூட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். கிராணி குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நீயும் வாசல ஏத்தி சிமெண்டு போட்டுரும்மா. தண்ணி அது பாட்டுக்கு ஓடிரும்."

"எங்க ஓடும் ஐயா?"

"எங்கயாவது ஓடும்."

"உங்க தண்ணி எங்கயாவது ஓடித்தான் என் வீட்டுக்குள்ள வந்திருக்கு. எனக்குக் கீழ வீடு இல்ல. நான் எங்க அனுப்புறது?"

"எல்லாரும் செய்யிறதச் செய்யணும்மா. இது டவுனு. இங்க வந்தும் எஸ்டேட் புத்திய வச்சுக்கிட்டு இருந்தா எப்படி?"

விளக்குமாற்றைக் கீழே வைத்தேன். எனக்கு எஸ்டேட் புத்தியா? சரி. அந்த எஸ்டேட் புத்தி என்ன செய்யும் என்று பார்த்துவிடுவோம் என்று உள்ளே போனேன்.

அவர் வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மேட்டுல இருந்து வர்ற தண்ணிய நீங்க என்னா பண்ணுவீங்க?"

"எந்த மேட்டுல?"

"பாடாங் மேஹாவுல. வேற எங்க?"

"குழி வெட்டுவோம்."

"அப்ப சொல்லுங்க. நம்ம வாசல்ல எங்க வெட்டணும்?"

மெதுவாகத் திரும்பி, கையை நீட்டித் திரையை ஒரு சாண் விலக்கினார். வாசலைப் பார்த்தார். "ஓட்டைக்கு நேரா வெட்டக் கூடாது. கொஞ்சம் தள்ளி, குறுக்க" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். ஷிஃப்டு முடிந்து வந்து, வெயில் தணிகிற வரைக்கும் மண்வெட்டி. அவர் ஜன்னலுக்குள்ளே இருந்து கத்துவார், நான் வெளியே நின்று கத்துவேன். "இந்தா, ஓரத்த நிமித்து! கோணலா போவுது!" "கண்ணு இருக்குல்ல, வாயக் கொஞ்சம் மூடுங்க!" தெருவுக்கே கேட்கும். தெருவின் மேட்டுப்பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி நடந்து போகும்போது நின்று, "யாரப் பொதைக்கப் போறீங்கக்கா?" என்று கேட்டாள். "இடம் நிறைய இருக்கு, வர்றியா?" என்றேன். அதன் பிறகு அவள் எதிர்ப்பக்கமாகவே நடந்தாள்.

அளவெல்லாம் அவர் சொன்ன அளவுதான். எட்டடி, இரண்டடி, இரண்டடி. ஒரு கம்பில் வெட்டுக்குறி போட்டுக் கொடுத்தார். நான் அதைக் குழிக்குள் விட்டு நிறுத்த, அவர் ஜன்னலில் இருந்து பார்ப்பார். "நாலு வெரலு குறையுது, இறங்கு." இறங்கினேன். கல்லும் உடைந்த செங்கல்லுமாகக் கிடந்தது, அதற்குக் கீழே மஞ்சள் களிமண், மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டடி வந்ததும் அவர் முகத்தில் நான்கு வருஷமாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். "ம், குழின்னா அதுதான்" என்றார். எனக்குக் கை முழுதும் கொப்புளம்.

மழை வந்தது. சுவரோட்டையில் பீய்ச்சிக்கொண்டு வந்த தண்ணீர் குழிக்குள் விழுந்தது, வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. நான் ஆட்டம் போடாத குறை. மறுநாள் பார்த்தேன், குழியில் தண்ணீர் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் இருந்தது. ஆறாம் நாளும் இருந்தது, பச்சையாக. "இறங்கிரும், இறங்கிரும்" என்றார் அவர். அடுத்த மழைக்கு அதில் இடமே இல்லை.

டெங்கிக் காய்ச்சலுக்கு ஊரே பயந்துகொண்டிருந்த காலம். சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். இளவயது மலாய்க்காரர், மரியாதையானவர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசற்படி ஏறினார். கையில் டார்ச்சும் ஒரு வெள்ளை அகப்பையும். குழியில் அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். அகப்பை முழுக்கக் கொசுப்புழு, நெளிந்துகொண்டு. "இனி அப்பா, காக்?" இது என்ன, அக்கா என்று கேட்டார். எனக்கும்தான் கண் தெரிகிறதே. இரண்டு வாரத்துக்குள் மூட வேண்டும், மூடாவிட்டால் அபராதம் என்று ஒரு தாளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கிராணி அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா அவங்களுக்குச் சொல்லிவிட்டேன்" என்றார். மறைக்கவில்லை, அந்த மட்டுக்கு நேர்மை. "நாலு பேரு உயிரு சம்பந்தப்பட்டது. நீ கொசு வளக்க நாங்க சாக முடியுமா?"

வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் பிடிக்காத மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது பொய் இல்லை. புழு இருந்தது. தப்பு எங்களுடையது. அதைவிடக் கசப்பு வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

உள்ளே போனால் திரை மூடிக் கிடந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"மூடிரு."

"மூட மாட்டேன்."

"மூடிரு புள்ள. ரெண்டடி. எனக்குத் தெரிஞ்சது ரெண்டடிதான். அதுவும் இப்ப தப்புன்னு ஆயிப்போச்சு. கால் போனதோட எல்லாம் போச்சு."

"அளவு தப்புல்ல. மண்ணு தப்பு" என்றேன். அப்போது தோன்றியதைத்தான் சொன்னேன், ஆனால் சொன்ன பிறகுதான் அது சரி என்று எனக்கே பட்டது. தோட்டத்து மண் காட்டு மண். வேர் துளைத்தது, இலை மக்கியது, இரண்டடி வெட்டினாலும் தண்ணீரைக் குடிக்கும். இங்கே வீடு கட்டியவன் கொட்டிவிட்டுப் போன களிமண், அதில் இரண்டடி வெட்டினால் அது குழி இல்லை, பானை. மண்டோர் கோலுக்குப் பயந்து பழகிய நாங்கள், மண்டோரே இல்லாத வாசலில் அவர் கோலுக்கு வெட்டி வைத்திருக்கிறோம்! அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவருக்கு வரவில்லை.

எனக்கு ஆற்றோரம் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ஓடையை ஒட்டிச் சில பள்ளங்கள் உண்டு, தாம்பாளம் மாதிரி அகலமாக, ஆழமே இல்லாமல். மழை பெய்தால் தளும்பும். மறுநாள் போனால் சேறு மட்டும் இருக்கும், தண்ணீர் இருக்காது. சேம்பும் கோரையும் பெரணியும் அடர்ந்து கிடக்கும். மருந்தடிக்கிற எங்களுக்கு அந்த இடங்களைக் கண்டாலே ஆகாது. எவ்வளவு அடித்தாலும் மறு மாதம் தழைத்துக்கொண்டு நிற்கும், மண்டோர் எங்களைத்தான் ஏசுவார்.

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. சாமியார் கேட்டால் கேட்கட்டும் என்று இரண்டு பஸ் மாறிப் பாடாங் மேஹாவுக்குப் போனேன். கூட வேலை செய்த பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியதும் கரையில் நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏங்க்கா, பதினோரு வருஷம் இதுங்கள மருந்தடிச்சுக் கொன்னீங்க. இப்ப சாக்குல போட்டுக் கொண்டு போறீங்களே, என்னா கதை?"

"செத்துச்சாடி? சாகல பாரு. அதான் எனக்கு வேணும்."

சேம்பு, கோரை, வல்லாரை, புளிக்குழம்பில் போடுகிற அந்தப் பெரணிக் கொழுந்து. மேட்டு ஓரத்துக்கு, ஊதாப் பூ பூக்கிற செண்டுடோக். அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துப் போகும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். டவுனில் ரோஜாவும் காகிதப் பூவும் தொட்டியில் வாங்கி வைக்கிறார்களே, அவற்றை இந்த இடத்தில் வைத்தால் ஒரு மழையில் அழுகிப் போகும். பஸ்ஸில் சேறு சொட்டும் சாக்கைப் பார்த்துக் கண்டக்டர், "என்னாக்கா இது, பாம்பு கீம்பு இருக்கா?" என்றான். "இருக்கும், தள்ளி நில்லு" என்றேன். என் பக்கத்துச் சீட்டுக் கடைசி வரைக்கும் காலியாகவே வந்தது.

இரண்டு வாரத்தில் ஒன்று போய்விட்டது. மிச்சம் ஒரு வாரம். குழியை முக்கால்வாசி நானே தூர்த்தேன். தூர்க்கிறபோது கிராணி எட்டிப் பார்த்து, "இப்பத்தான் புத்தி வந்திச்சு" என்றார். தூர்க்கிற மண்ணில் அரிசி ஆலையில் சும்மா கிடந்த உமியையும், மணலையும், மக்கின இலையையும் கலந்தேன். அதற்கு முன்பு அடிக்களிமண்ணைக் கடப்பாரையால் குத்திக் குத்தி ஓட்டை போட்டேன். பிறகு பள்ளத்தை அகலப்படுத்தினேன். வாசலின் பாதி வரைக்கும் ஒரு பெரிய தாம்பாளம். நடுவில்கூட ஒரு சாண் ஆழம்தான். வீட்டுப் பக்கம் கரை உயர்த்தி அணைத்தேன். நிரம்பினால் தெரு லோங்காங்குக்கு வழிய ஒரு வாய் விட்டேன். நடுவில் சேம்பும் கோரையும், சரிவில் பெரணி, கரையில் வல்லாரை, மேலே செண்டுடோக்.

முதல் மூன்று நாள் ஜன்னல் திறக்கவில்லை. நான் வேண்டுமென்றே கோணலாக வெட்டினேன், திட்டுவார் என்று. திட்டவில்லை. நான்காம் நாள் தூறல் போட்டது. தண்ணீர் பள்ளத்தில் பரவுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும், திரை விலகியது. "அந்தக் கம்ப அதுல நடு" என்றார். நட்டேன். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். தண்ணீர் எந்தக் குறியில் நிற்கிறது, எத்தனை மணிக்கு அடுத்த குறிக்கு இறங்கியது என்று காலண்டரில் எழுதினார். மறுநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "மத்தியானம் ஒன்னரைக்கே காஞ்சிருச்சு!" என்று உள்ளே இருந்து கத்தினார்.

சுகாதாரக்காரர் சொன்ன நாளில் வந்தார். பள்ளத்தைப் பார்த்துவிட்டு, மூடவில்லையே என்றார். மழை பெய்து மூன்றாம் நாள் வந்து பாருங்கள், ஒரு புழு இருந்தாலும் அபராதத்தைக் கட்டிவிட்டு நானே சிமெண்டு போடுகிறேன் என்றேன். உள்ளே இருந்து இவர் மலாயில் குரல் கொடுத்தார், காலண்டர் இருக்கிறது, வந்து படியுங்கள் என்று. அந்த மனிதர் முன்னறைக்குப் போய், காலண்டரைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, இவரைப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு பெய்த மழைக்கு மூன்றாம் நாள் அகப்பையோடு வந்தார். அள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை. சேம்பு இலைக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தத் தாளின் மேல் ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கிராணிக்கு அது பொறுக்கவில்லை. புழு போனது, இப்போது சுவர் வந்தது. "என் செவுத்து அஸ்திவாரம் ஊறிப்போவுது" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். அவர் ஓட்டையை அடைத்தால் ஊறாது என்று நான் சொன்னேன். அடைத்தால் அவர் சிமெண்டில் தண்ணீர் நிற்குமாம். பாருங்களேன் நியாயத்தை!

மறு வருஷம் செப்டம்பர். பாக்டரியில் இருக்கும்போதே கூரைத் தகரம் பேச்சே கேட்காத அளவுக்கு அதிர்ந்தது. போன வருஷத்து மழையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போனது. சூப்பர்வைசரிடம் போய், வீட்டுக்குப் போகிறேன் என்றேன். போகக் கூடாது என்றாள். போய்விட்டேன். பஸ் ஓடவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்தேன், பாதி வழி ஓடினேன். அவர் சுவரோரம் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்த கோலம்தான் கண்ணில் நின்றது. 'இன்னும் ஒரு ரெண்டடி' என்ற அந்த வார்த்தையும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மாதாவே, நான் போய்ச் சேருகிற வரைக்கும் பார்த்துக்கொள் என்று கத்திக்கொண்டே ஓடினேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

தெருமுனை திரும்பியதும் எங்கள் வாசலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கிராணி, ஒரு கையில் மண்வெட்டி. என் கேட்டைத் திறந்து உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார். பள்ளம் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது, லோங்காங்கும் நிரம்பியதால் வழிகிற வாய் மெதுவாகத்தான் வாங்கியது. தன் சுவரைக் காப்பாற்ற, நான் வீட்டுப் பக்கம் அணைத்த கரையை வெட்டித் தண்ணீரை விட வந்திருக்கிறார். அந்தக் கரையை வெட்டினால் தண்ணீர் நேரே முன்னறைக்குள்தான் போகும்.

அவரால் வெட்ட முடியவில்லை. வெட்ட வேண்டிய இடத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

கொட்டுகிற மழையில், சட்டை இல்லாமல், அரைக்கால் சட்டையோடு, கரை மேலே. பாதிக் கால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு. ஒரு ஊன்றுகோல் சேற்றில் கிடந்தது. இன்னொன்றைக் குறுக்கே பிடித்திருந்தார். எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டுங்க ஐயா. என் மேல வெட்டுங்க. மண்ணு வேற, நான் வேறயா?"

"நான் செவுத்துக்காகத்தான்..." என்றார் கிராணி.

"உங்க தண்ணி இது! உங்க வீட்டுல இருந்து வந்தது! இத்தன நேரம் இத யாரு தாங்குறா? இன்னும் முக்கால் மணி நேரத்துல ஒரு குறி இறங்கும். நின்னு பாருங்க. பாக்காம ஒரு அடி எடுத்து வச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

"வேலைய விட்டுட்டு ஏன் வந்த? உள்ள போயிப் பாரு, தண்ணி வந்திருக்கான்னு."

போனேன். கூடம் காய்ந்து கிடந்தது. முன்னறைக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. ஜன்னல் முழுசாகத் திறந்து கிடந்தது. கட்டிலில் போர்வை ஒதுங்கி, தலையணையில் பள்ளம் அப்படியே இருந்தது. ஆள் இல்லை. நான்கு வருஷத்துக்கு மேலாக அந்த அறைக்குள் நான் நுழையும்போதெல்லாம் அவர் அங்கேதான் இருந்தார். அவர் இல்லாத அறையில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

ஈரச் சேலையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே அவர் கிராணியை இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தார், இப்போது கிராணியின் தோட்டத்து மண்டோர் வரைக்கும் போயிருந்தது. போய் நிறுத்தலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நிறுத்தவில்லை.